நெவிலின் பூட்ஸும் என் கூரையும்

நெவிலின் பூட்ஸ் என் வீட்டுக் கூரை மேல் படக்கூடாது. நான் உயிரோடு இருக்கும்வரை கூடாது. செத்த பிறகும் கொஞ்ச நாள் பொறுத்துத்தான்.

நெவில் பக்கத்து வீட்டுக்காரன். ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான போர்ட் பிரீயில் பாதி வீடுகளுக்கு ஏசி, ஹீட்டர் பழுது பார்ப்பவன் அவன்தான். தொழிலில் குறை சொல்ல முடியாது. எங்களுக்குள் இருப்பது பூசணிக்காய்த் தகராறு. ஒரு வருஷம் ஊர்க் கண்காட்சியில் என் பூசணிக்காய் முதல் பரிசு வாங்கியிருக்க வேண்டும். இவன் போகிற போக்கில் அதை ஒரு தட்டுத் தட்டி, நடுவர் காதில் விழும்படி, “உள்ள ஒண்ணும் இல்ல போலிருக்கே” என்றான். பரிசு போயிற்று. அப்போது நெவிலுக்குத் தலை நிறைய முடி. இப்போது வழுக்கை. என் கோபத்தில் மட்டும் ஒரு முடிகூட உதிரவில்லை.

என் கூரை மேல் ஒரு பழைய கூலர் இருக்கிறது. ஈரப் பட்டைகள் வழியாகக் காற்றை இழுத்து வீட்டுக்குள் இறக்கும் பெரிய பெட்டி. ஈய ஆலையில் கிரேன் ஓட்டிய காலத்தில் என் கையால் ஏற்றி வைத்தது. என் மனைவி ஐலீனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவளுக்கு வேண்டியது சுவரில் மாட்டும் புது ஏசி. கோடையில் குளிர், குளிர்காலத்தில் சூடு, இரண்டும் தருமாம். பழசைக் கூரையிலிருந்து இறக்க நெவில்தான் வரவேண்டும். அதாவது, பூட்ஸ் வரும்.

“பழசு ஓடுறவரைக்கும் புதுசு கிடையாது” என்றேன்.

“ஓடலேன்னா?”

“நானே சொல்றேன், நெவிலைக் கூப்பிடுன்னு.”

“உன் வாயாலயே?”

“என் வாயாலயே.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் கூலருக்கு ஒரு கேன்வாஸ் உறை மாட்டுவோம். இல்லையென்றால் அதன் வழியாகக் குளிர்காற்று நேரே படுக்கைக்கு இறங்கிவிடும். வசந்தம் வந்ததும் ஏறி உறையைக் கழற்ற வேண்டும். இந்த வருஷம் என் முழங்கால் மறுத்துவிட்டது.

“நெவிலை ஏறச் சொல்லட்டுமா?”

“ஏன், எனக்கு என்ன குறைச்சல்?”

ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். சுவரில் சாய்த்தேன். எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து நிதானமாக ஒரு பீர் குடித்தேன். கூலர் இருப்பது புகைக்கூண்டுக்குப் பின்னால். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கையில் கொஞ்சம் மண்ணைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

“கழட்டியாச்சா?”

“ஆச்சு.”

“உறை எங்க?”

“ஷெட்ல.”

“அடேங்கப்பா! இந்த முழங்காலை வச்சுக்கிட்டா?”

முழங்கால் சரியானதும் ரகசியமாக ஏறிக் கழற்றிவிடலாம் என்பது என் திட்டம். முழங்கால் அதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை.

டிசம்பர் வந்தது. எங்கள் ஊரில் அதுதான் கோடை. பாலைவனத்து அனலோடு வடக்குக் காற்று வந்தது. கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கட்டூ கிளிகள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

“கூலரைப் போடு மெர்வின்” என்றாள் ஐலீன்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டேன். ஜன்னல் திறக்காமல் இந்தக் கூலர் வேலை செய்யாது. மேலிருந்து காற்று வந்தது. வேகும் ரொட்டியைப் பார்க்க அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று. உறை மாட்டிய பெட்டியிலிருந்து இவ்வளவு காற்று எப்படி வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில் யார் யோசிப்பது?

“எப்படி இருக்கு?”

“ஜில்லுன்னு இருக்கு.”

“எனக்கு வெக்கையா இருக்கே?”

“வயசாச்சுல்ல. உனக்குத் தெரியல.”

இந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. எழுந்து உள்ளே போனவள், தானே பின்னிய கம்பளி ஸ்வெட்டரோடு திரும்பினாள்.

“இந்தா, போட்டுக்கோ. உனக்குக் குளிர் ஆகாது.”

“வேணாம்.”

“ஏன், வேர்க்குதா?”

போட்டுக்கொண்டேன். அடுத்து ஆவி பறக்க ஒரு கிண்ணம் சூப் வந்தது. அதுவும் பூசணிக்காய் சூப்.

“குளிருக்கு இதமா இருக்கும், குடி.”

குடித்தேன். மேஜை மேலிருந்த வெண்ணெய் தட்டைத் தாண்டி ஓடத் தொடங்கியது. ஐலீன் கைப்பையை எடுத்தாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“நெவில் பெண்டாட்டி ஜோய்ஸ்கூடக் கொஞ்சம் உக்காந்துட்டு வரேன். நீ சொன்ன பிறகுதான் தெரியுது, இங்க ரொம்பக் குளிருது.”

மாலையில் திரும்பி வந்தாள். இவள் அப்போதுதான் பறித்த பூ மாதிரி இருந்தாள். நான் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருந்தேன். உறையைக் கழற்றவில்லை என்று சொன்னால் பொய் வெளுத்துவிடும். கூலர் செத்துவிட்டது என்றால் பொய் பிழைக்கும், கூலர் போகும். பொய்யைக் காப்பாற்றினேன்.

“ஐலீன், கூலர் செத்துப்போச்சு.”

“அப்போ?”

“கூப்பிடு.”

“யாரை?”

“நெவிலைத்தான்!”

“இன்னொரு தடவை சொல்லு. காதுக்கு எவ்வளவு இதமா இருக்கு.”

மறுநாள் விடிந்தபோது நெவில் ஏணியோடு வாசலில் நின்றான். வண்டியில் புது ஏசி. பெட்டி மேல் தூசி படிந்திருந்தது. எப்போதோ வாங்கி வைத்தது.

அவன் பூட்ஸ் ஒவ்வொரு படியாக ஏறியது. இதோ, உறையைப் பார்க்கப் போகிறான், ஊரெல்லாம் சொல்லப் போகிறான் என்று நான் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மேலே டொக் டொக் என்று சத்தம். அன்றைக்குப் பூசணிக்காயைத் தட்டிய அதே விரல்.

“மெர்வின்! நேத்து வாங்கின மாதிரி இருக்கேப்பா! ஒரு குறையும் இல்ல!”

“அப்ப உறை?” வாய் முந்திக்கொண்டது.

“எந்த உறை?” ஐலீன் பக்கத்திலேயே நின்றாள். “ஷெட்ல இருக்குன்னியே?”

மேலிருந்து நெவில் எட்டிப் பார்த்தான். “நீ எலுமிச்சை மரத்தடியில பீரை முடிச்சிட்டு உள்ள போனதும் ஐலீன் கூப்பிட்டாங்க. நான்தான் ஏறிக் கழட்டினேன். இப்ப என் படகு மேல கிடக்கு.”

ஆக, பூட்ஸ் எப்போதோ பட்டுவிட்டது.

“அப்புறம் ஏன் அனலா அடிச்சுது?”

ஐலீன் துணி துவைக்கும் அறைச் சுவரோரம் போய், கூலருக்குப் போகும் குழாயைத் திருகினாள். கூரையில் தண்ணீர் களகளவென்று ஏறியது.

“தண்ணி குடுக்காம அதைக் குளிருன்னா அது என்ன பண்ணும், பாவம்!”

என் கூலர் இப்போது நெவிலின் ஷெட் மேல் ஓடுகிறது. அருமையாக ஓடுகிறதாம். எங்கள் வீட்டில் புது ஏசி. ரிமோட் ஐலீனின் ஏப்ரன் பையில். இதோ, வெளியே தார் உருகுகிறது. நான் அதே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

“என்ன மெர்வின், குளிருதா?”

விட்டுக்கொடுப்பேனா? பற்கள் தந்தியடிக்க, “சேச்சே, வெக்கையா இருக்கு” என்றேன்.

அவள் ரிமோட்டை எடுத்து இன்னும் குறைத்தாள்.