சிங்கராசு வாங்கிய ஹெட்போன்

ஒரு காட்டில் சிங்கராசு என்று ஒரு முயல் இருந்தது. பெயரிலாவது தைரியம் இருக்கட்டும் என்று அதன் அப்பா வைத்த பெயர். வைத்த கையோடு பக்கத்தில் ஒரு சருகு அசைய, பிள்ளையை அங்கேயே போட்டுவிட்டு அவர் ஓடிப்போனது வேறு விஷயம்.

சிங்கராசுவுக்கு இருந்த ஒரே ஆசை பாட்டு. இருந்த ஒரே தொல்லை காது. போனில் பாட்டைப் போட்டு உட்கார்ந்தால் பல்லவி சுகமாகப் போகும். சரணம் ஆரம்பிக்கும் நேரத்தில் எங்கேயோ ஒரு குச்சி முறியும். அவ்வளவுதான், போனைக் கவ்விக்கொண்டு ஓட்டம். பிறந்ததிலிருந்து ஒரு பாட்டைக்கூட அது முழுசாகக் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் எல்லாரும் சேர்ந்து பாடும்போது, சரணம் வந்ததும் சிங்கராசு மட்டும் சும்மா வாயை அசைக்கும். அந்த அவமானம் அதற்குத்தான் தெரியும்.

கடைசியில், ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தது. பட்ஜெட், மழைக்காலத்துக்கு வைத்திருந்த ஒரு மூட்டை நிலக்கடலை.

"ஏங்க, காதை அடைச்சுக்கிட்டா புலி வர்றது எப்படித் தெரியும்?" என்று கேட்டது மனைவி கோமளம்.

"காதைத் திறந்து வெச்சு மட்டும் என்ன வாழ்ந்துட்டேன்? ஓடினதுதான் மிச்சம்."

கோமளமும் ஓடி ஓடி அலுத்ததுதான். மூட்டையை எடுத்துக் கொடுத்தது.

வாங்குமுன், ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போமே என்று சிங்கராசு விமர்சனங்களைப் படிக்க உட்கார்ந்தது. அது செய்த முதல் தப்பு. 'நிறம் அருமை, தோகைக்கு எடுப்பாக இருக்கிறது' என்று ஒரு மயில் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தது. 'காதில் வைத்தேன், காணவில்லை' என்று ஒரு யானை ஒற்றை நட்சத்திரம். மலைப்பாம்பு ஒன்று நாலு நட்சத்திரம் போட்டு, 'எனக்குக் காது கிடையாது. ஆனால் டப்பா நன்றாக ஜீரணமானது' என்று எழுதியிருந்தது. போதாததற்கு, இன்னும் ரெண்டு படி கடலை சேர்த்தால் இதைவிட நல்லது கிடைக்கும் என்றார்கள். அதற்குமேல் ரெண்டு படி சேர்த்தால் அதைவிட நல்லது. இப்படியே போனால் குடியிருக்கும் வளையை விற்று ஹெட்போன் வாங்கி மரத்தடியில் உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்க வேண்டும் என்று புரிந்ததும், சிங்கராசு போனை மூடிவிட்டு நேரே கடைக்குக் கிளம்பியது.

கடை, கனகசபை என்ற நரியுடையது. தள்ளுபடி அறிவித்திருந்ததால் வரிசை ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது. சிங்கராசுவுக்கு அடுத்த ஆளாகத் தாமோதரன் என்ற வௌவால், கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தது.

"வாங்க தம்பி! உங்க காதுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு" என்று நரி ஒரு ஜோடி இயர்பட்ஸை எடுத்து நீட்டியது. சிங்கராசு காதில் வைத்தது. அவை வழுக்கிக்கொண்டு உள்ளே போய், போய், போயேவிட்டன. தாமோதரன் சொல்லிக்கொடுத்தபடி தலைகீழாகத் தொங்கி, உதறி, ஒருவழியாக வெளியே எடுத்தார்கள்.

அடுத்து ஒரு பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டது நரி. டம் டம்மென்று இடித்த இடியில் சிங்கராசு கடையைச் சுற்றி ஓடிவிட்டு வந்தது.

"பேஸ் எப்படி, அதிருதா?" என்றது நரி.

"பூகம்பம்னு நெனச்சேங்க."

வௌவால் மெல்லக் கிசுகிசுத்தது. "தம்பி, அவன் போடுற பாட்டைக் கேட்காதே. நீ தினமும் கேட்கிற பாட்டைப் போடு. அதுல இதுவரைக்கும் கேட்காத ஒண்ணு கேட்டுச்சுன்னா வாங்கு. இல்லேன்னா வீட்டுக்குப் போய் கடலையைச் சாப்பிடு."

மூலையில், நசுங்கிய டப்பாவில், போன வருஷத்து மாடல் ஒன்று கிடந்தது. சாதாரணக் கறுப்பு. சிங்கராசு காதுகளை மடித்து உள்ளே வைத்து மாட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த பல்லவியைப் போட்டது. குரலுக்குப் பின்னால் யாரோ புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளும் அங்கேயேதான் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! பாட ஆரம்பிக்குமுன் சின்னதாக ஒரு மூச்சு.

"பாடுறவங்க மூச்சு விடுறாங்க!" என்று கத்தியது சிங்கராசு. வரிசையே திரும்பிப் பார்த்தது.

அதன் கண்ணைப் பார்த்ததுமே நரி, "அது ஒண்ணரை மூட்டை" என்றது.

"காலையில முக்கால் மூட்டைன்னு போர்டு தொங்குச்சே" என்றது வௌவால், மேலேயிருந்து.

ஒரு மூட்டைக்கு முடிந்தது.

அன்று சாயங்காலமே ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து சிங்கராசு ஹெட்போனை மாட்டிக்கொண்டது. வெளிச் சத்தத்தை அடைக்கும் பட்டனை அழுத்தியதும் காடு அப்படியே நின்றுபோனது. சருகு இல்லை, குச்சி இல்லை, சிள்வண்டு இல்லை. பல்லவி போனது. சரணம் வந்தது. ஓடத் தயாராக இருந்த கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. அடுத்த சரணம் இத்தனை சோகமானது என்று யாருமே அதற்குச் சொன்னதில்லை. பாட்டு முடிந்தபோது கன்னத்து மயிரெல்லாம் நனைந்திருந்தது.

கண்ணைத் திறந்தால், எதிரே புலி.

அந்தக் காட்டுப் புலிக்கு ராஜாத்தி என்று பெயர். வாயைப் பிளந்து பிளந்து மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை. சிங்கராசு ஹெட்போனைக் கழற்றியது.

"...எவ்வளவு நேரமா உறுமுறேன்! ஓடாம இப்படி உட்கார்ந்திருந்தா எப்படித் துரத்துறது? துரத்தாம எப்படித் திங்கிறது?"

"மன்னிச்சுக்கோங்கம்மா, கேக்கல."

"என் உறுமலே கேக்கலையா?"

"நாய்ஸ் கேன்சலிங்குங்கம்மா."

புலி தொப்பென்று உட்கார்ந்தது. "வீட்டுல குட்டிங்க போடுற கூச்சல்ல, நிம்மதியா ஒரு பாட்டுக் கேட்டு வருஷக்கணக்காச்சு" என்றது. பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு போனை எடுத்துவந்தது. "ஜீப்புல வந்த ஒருத்தர் என்னைப் பாத்ததும் போட்டுட்டு ஓடினது. இதுல மாட்டிக் குடு."

வேறு கதையில் வருகிற முயலாக இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது தந்திரம் செய்திருக்கும். சிங்கராசுவுக்கு ஒரு தந்திரமும் தோன்றவில்லை. புளூடூத்தை இணைத்துக் கொடுத்தது. "நகம் படாம அழுத்துங்கம்மா" என்று மட்டும் சொன்னது.

புலி கண்ணை மூடிக்கொண்டது.

"நான் போகலாங்களா?"

சிங்கராசு ஓரடி கிட்டே போனது.

"அம்மா!"

வால் நுனி மட்டும் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. சிங்கராசு கொஞ்ச நேரம் மரியாதைக்கு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தது.

"ஹெட்போன் எங்கே?" என்றது கோமளம்.

"புலி வாங்கிக்கிச்சு."

"ஐயையோ! எப்படி ஓடி வந்தீங்க?"

"நடந்துதான் வந்தேன்."

அதற்குப் பிறகு ராஜாத்தி ஹெட்போனைக் கழற்றவே இல்லை. பக்கத்திலேயே மான்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின, அதற்குக் கேட்கவில்லை. சுருதி சேராமல் அது முணுமுணுத்துக்கொண்டு வருவது மட்டும் ஊருக்கெல்லாம் கேட்டது. வேட்டை படுத்துவிட்டதால் ஓடையில் நண்டு பிடித்துத் தின்றது. கொஞ்சம் இளைத்தது. முகத்தில் ஒரு களை வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒருநாள் ஹெட்போன் சார்ஜர் கெட்டுப்போனது. காடே கதிகலங்கி, வீட்டுக்கு ஒரு படி கடலை போட்டு, கனகசபை கடைக்கு ஓடியது. நரி இரண்டு மடங்கு விலை சொன்னது. தாமோதரன் உட்பட யாரும் பேரம் பேசவில்லை.

சிங்கராசு இப்போது போனைப் பாறைமேல் வைத்துச் சத்தமாகவே பாட்டுக் கேட்கிறது. குச்சி முறிந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் போனில் அந்தப் புல்லாங்குழல் கேட்பதில்லை. அந்த இடம் வரும்போது அதன் முகம் வாடுவதைக் கோமளம் கவனித்துவிட்டது.

"இன்னொண்ணு வாங்கிக்கோங்களேன். கடலை சேர்ந்துடுச்சே."

"வாங்கலாம்" என்றது சிங்கராசு. "முதல்ல சிறுத்தைக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுவோம்."

நீதி: பட்ஜெட்டுக்குள் கிடைக்கும் மிகச் சிறந்த ஹெட்போன், நம்மைத் தின்ன வருகிறவர் காதில் இருப்பதே. வாரண்டி இருந்தால் இன்னும் விசேஷம்.