என் கால்சட்டையைத் தின்ற ஏரி

உயர்திரு மைத்துனர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

இங்கு தங்கள் அக்கா நலம். நானும் நலம், வலது தொடை நீங்கலாக. தாங்கள் நலமாக இருக்க வேண்டுமென்பதே என் விருப்பம். இக்கடிதத்தை முழு உடல்நலம் உள்ளவரால்தான் வாசித்து முடிக்க இயலும். இத்தனை ஆண்டுகளாக "டேய்" என்று அழைத்தவர் "தாங்கள்" என்கிறாரே என்று திகைக்க வேண்டாம். எனக்குக் கோபம் அளவோடு வந்தால் "டேய்" வரும். அளவு மீறினால் இலக்கணம் வந்துவிடும்.

மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேட்டில் மரம் வளர்த்து, குழியில் தேங்கிய ஏரியை நல்ல நீராக்கும் பணியைத் தாங்கள் ஏற்றீர்கள். அதைச் சோதிக்க என்னை அனுப்பினார்கள். "அவர் என் மைத்துனர், வேறு ஆளை அனுப்புங்கள்" என்று எழுதியே கொடுத்தேன். "நீர் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் இங்கே நீங்கள் ஒருவர்தானே" என்றார் மேலதிகாரி. புகழ்ச்சிக்கு மயங்காதவன் என்று என்னைப் பற்றி நான் பரப்பியிருந்த செய்தி அந்த நிமிடமே பொய்யானது. நான் கையெழுத்திட்டால் மதகு திறக்கும், கீழே ஊர் குடிக்கும். இடாவிட்டால் தங்கள் மூன்றாண்டு உழைப்பு மண்ணோடு மண். சொந்தக்காரனுக்குச் சலுகை என்ற பேச்சு வரக் கூடாதென்று, தேவைக்கு மேலேயே கறாராக இருப்பதென முடிவு செய்தேன்.

செடிகளை மதிப்பிட ஒரு முறை உண்டு: இரும்புச் சட்டத்தைக் கண் பாராமல் தோளுக்குப் பின்னால் வீசி, விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் முளைத்திருப்பவற்றை எண்ண வேண்டும். மாணவர்களுக்கு இதைக் கற்பித்தவன் நான். ஆகவே ஒரு கால்சட்டைப் பையில் சிவப்பு மூடிப் போத்தல், மறு பையில் வெள்ளை மூடிப் போத்தலுடன், மேட்டின் உச்சியில் நின்று மிகுந்த தோரணையோடு வீசினேன். சட்டம் விழவில்லை, உருண்டது. நான் பின்னாலேயே ஓட, தங்கள் மேஸ்திரி "சார், அந்தப் பக்கம் போகாதீங்க, அது வந்து..." என்று கத்த, "குறுக்கே பேசாதய்யா, ஆய்வு நடக்குது" என்று அதட்டிக்கொண்டே கால் வழுக்கி, கைக்கு எட்டிய செடியைப் பிடித்தேன். அது வந்துவிட்டது! வேரோடு அல்ல, கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு! பக்கத்துச் செடியைப் பிடித்தேன், அதுவும் பையோடு. ஒரு காட்டையே கையில் திரட்டிக்கொண்டு போய் ஏரிக்குள் இடுப்பளவு நின்றேன். ஆக, என்னை ஏமாற்ற ஒரு நாளைக்குக் கொண்டுவந்து நிறுத்திய காடு! ஏன்யா, கல்யாண வீட்டுக்கு வாடகை நாற்காலி போடுறோமே, அந்த மாதிரியா?

விழுந்தாலும் கடமை தவறவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு போத்தல்களையும் நிரப்பினேன். "அத்தான், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, வந்து பாருங்க" என்று போனில் பீற்றிக்கொண்டீர்களே, பாசிகூடப் பிழைக்காத தண்ணீர்தான் கண்ணாடி மாதிரி இருக்கும் என்பது தெரியுமா? மாலையில் கையில் அகப்பட்ட சிவப்பு மூடியைத் திறந்து அளந்தேன். நல்ல நீருக்குக் கருவி ஏழு என்று காட்ட வேண்டும்; குறையக் குறைய அமிலம். காட்டியது இரண்டு. அது தண்ணீர் இல்லப்பா, எலுமிச்சம்பழச் சாறு! சந்தேகமிருந்தால் என் கால்சட்டையைப் பாருங்கள். வலது பையருகே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, உள்ளே தொடை எரிகிறது. உன் ஏரி என் கால்சட்டையைத் தின்னுடுச்சுடா. ஊர்க்காரன் குடலை என்ன பண்ணும்னு யோசிச்சியா?

மறுப்பு அறிக்கை மேசைமேல் தயார், காலையில் போய்விடும். உறவு வேறு, அறிவியல் வேறு. தங்களுக்கு நற்புத்தியும் எனக்குப் புதிய கால்சட்டையும் வாய்க்க வேண்டுமென வாழ்த்தி முடிக்கும்,

தங்கள் அக்காவின் கணவன்.

பின்குறிப்பு: டேய், இதை உன் அக்கா படித்தாள். "இடுப்பு வரைக்கும் நனைஞ்சீங்க, பைகிட்ட மட்டும் எப்படிங்க ஓட்டை?" என்றாள். சிவப்பு மூடி உலோகச் சோதனைக்கு. நீரிலுள்ள உலோகம் படிந்துவிடாமலிருக்க அதில் அமிலத்தை முன்பே விட்டு வைப்பது வழக்கம். விட்டவன் நான்தான். விழுந்தபோது மூடி தளர்ந்து பைக்குள் ஒழுகியிருக்கிறது. நான் விட்ட அமிலத்தை நானே அளந்து உன்னைத் திட்டியிருக்கிறேன். அமிலம் விடாத வெள்ளை மூடியை இப்போது அளந்தேன். கருவி ஏழுக்கு அருகே போய் அசையாமல் நிற்கிறது. மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "அது காலைல இறக்கி வச்ச நாத்து சார், இனிமேதான் நடணும். அதைத்தான் சொல்ல வந்தேன். மேட்டுல இருக்கறதெல்லாம் வேர் பிடிச்சு வருஷக்கணக்காச்சு, வந்து இழுத்துப் பாருங்க" என்றார். உலோகச் சோதனை பாக்கி இருக்கிறது. நாளை மறுபடி வருகிறேன், போத்தலைப் பெட்டியில் வைத்து, சட்டத்தை மெதுவாக வீசுகிறேன். மறுப்பு அறிக்கையைக் கிழித்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் கிழிக்கப் போனேன். "என் தம்பி கையில போய்ச் சேர்ந்தே ஆகணும்" என்று உன் அக்கா தடுத்துவிட்டு, நான் எழுதி முடித்ததும் உறையில் போடக் காத்திருக்கிறாள். சாட்சிப் பொருளாக நான் தூக்கி வந்த செடிக்கு, வெள்ளை மூடியில் மீந்த உன் ஏரித் தண்ணீரை ஊற்றி ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். என்னைவிட நிமிர்ந்து நிற்கிறது.