வரையக் கொண்டுபோன மீன்

அன்று அறையில் இருந்தவர்கள்: ஓவிய விரிவுரையாளர் மிஸ் ரேச்சல், என்னோடு படிக்கும் நசீர், வெய் லிங், ஜெபம் செய்ய வந்த பாஸ்டர், நான். அப்புறம் ஒரு மீன். (மீன் எந்த நிலைமையில் இருந்தது என்பதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுகிறேன்.)

நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெலுத்தோங் வட்டாரத்தில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். வேலை அனுபவத்தை வைத்தே பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று மனைவி ஸ்டெல்லா எங்கோ கேள்விப்பட்டு வந்து, ஜார்ஜ் டவுனில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் என்னைக் காண்கலை படிக்கச் சேர்த்துவிட்டாள். படம் போடச் சொல்வார்கள் என்று போனால் தத்துவம் படி, வேதாகமம் படி, புள்ளியியல் படி என்றார்கள். எல்லாவற்றையும் படித்தால்தான் ஒன்றைப் பார்க்கத் தெரியுமாம். (ஒரு வாழைப்பழத்தைப் பார்க்க எதற்குப் புள்ளியியல் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாக மிஸ் ரேச்சல் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.)

சேர்த்தது நிபந்தனையோடுதான். முதல் பருவத்து ஓவியப் பாடத்தில் தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். தேர்வு ஒரே ஒரு படம். மேசையில் ரொட்டி, கூஜா, மீன். பகல் முழுக்க அதைப் பார்த்து வரைய வேண்டும். ரொட்டி வெய் லிங் பொறுப்பு. பித்தளைக் கூஜா நசீர், அவன் அப்பாவின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையிலிருந்து. சந்தை என் வீட்டுக்குப் பக்கம் என்பதால் மீன் எனக்கு.

"அந்தோணி அண்ணே, நல்ல ஃபிரெஷ்ஷா பாத்து வாங்கிட்டு வாங்க, போதும்" என்றார் மிஸ்.

அந்தப் 'போதும்' எனக்குப் போதவில்லை. பகல் முழுக்க மேசையில் கிடந்தால் மீன் நாறும். வெய் லிங் மயங்குவாள். பாஸ்டர் வாந்தி எடுப்பார். விசாரணை வைப்பார்கள், விசாரணையில் என் மூன்றாம் படிவச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆகவே விடிந்ததும் சந்தைக்குப் போய், தகதகவென்று ஒரு சிவப்பு மீன் வாங்கி, அது கெடாமல் இருக்க நம் வீடுகளில் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். செதில் சுரண்டி, குடல் எடுத்து, தலையை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு, உடம்பைத் துண்டு போட்டு உப்பும் மஞ்சளும் தடவினேன். கொஞ்சம் மிளகாய்த்தூளும்தான். (ஒரு பாதுகாப்புக்கு.)

தேர்வு அறையில் டப்பாவைத் திறந்து தட்டில் அடுக்கினேன். ஜெபத்துக்கு எழுந்த பாஸ்டர் தட்டைப் பார்த்தார், கண்ணை மூடினார், நாங்கள் உண்ணப்போகும் உணவுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். எல்லாரும் ஆமென் சொன்னோம்.

"அண்ணே, எண்ணெய் எங்க?" என்றான் நசீர்.

வெய் லிங் அந்த வாரம் முழுக்கச் செதில் வரைந்து பழகியவள். செதிலெல்லாம் எங்கே என்று மலாய் மொழியில் கேட்டாள். குப்பைத்தொட்டியில் என்று உண்மையைச் சொன்னேன். அது உதவவில்லை.

"தலையாவது இருக்கா அண்ணே?" மிஸ் ரேச்சலின் குரல் மெலிந்திருந்தது.

ஸ்டெல்லாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தலையா? இப்பத்தான் புளி ஊத்துனேன். கொதிக்குது லா."

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தேர்வு நேரம் ஓடத் தொடங்கியிருந்தது. இனி மேசையை மாற்றக் கூடாது. "இருக்குறத வரைங்க" என்றார் கடைசியில். "நெனச்சுட்டு வந்தத வரையாதீங்க."

என் படிப்பு முடிந்தது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பென்சிலை எடுத்தேன். எத்தனையோ மீன் நறுக்கியிருக்கிறேன். ஒரு துண்டை உட்கார்ந்து பார்த்ததில்லை. நடுமுள்ளைச் சுற்றிச் சதை வளையம் வளையமாக விரிந்திருந்தது, அறுத்த மரம் மாதிரி. தோலுக்கு அடியில் ஒரு கருஞ்சிவப்புப் பட்டை. அது ஏன் அங்கே மட்டும்? மஞ்சளும் ஒரே மஞ்சளாக இல்லை. உப்பு நீர் விட்ட இடத்தில் வெளுத்து, மிளகாய்த்தூள் பட்ட இடத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. கூஜாவின் வயிற்றில் இந்தத் துண்டுகள் எல்லாம் வளைந்து நெளிந்து தெரிந்தன. பயப்படக்கூட மறந்துபோனேன்.

சாயங்காலம் மிஸ் என் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"படம் பாஸ், அண்ணே. மீன் ஃபெயில்."

மற்ற இருவரும் தேறினார்கள். வெய் லிங் மட்டும் பழகியதை விட மனமில்லாமல் துண்டுகளுக்கும் செதில் போட்டு, மதிப்பெண் குறைந்து, அடுத்த பருவம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

இப்போதும் நான் மீன் வாங்கி வந்தால் ஸ்டெல்லா கத்தியைத் தொடுவதற்கு முன், "இது திங்கவா, படிக்கவா?" என்று கேட்கிறாள். ஆண்டிறுதிக் கண்காட்சியில் அந்தப் படத்தை நசீரின் அப்பா இருநூறு வெள்ளிக்கு (எங்கள் ஊர்க் காசு) பேசி எடுத்துப்போய், கடையில் மீன் குழம்புச் சட்டிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார். கையில் கொடுத்தது நூற்றைம்பது. மீதியைக் கேட்டால், "தலை எங்க தம்பி? அதையும் வரைஞ்சு கொண்டா, தர்றேன்" என்கிறார்.

ஐம்பது வெள்ளி இன்னும் பாக்கி.