இடம்பெயர்ந்த பூச்சு

அருங்காட்சியகத்துப் பழைய துப்பாக்கி ஒன்றின் பாதுகாப்பு என் வீட்டுக்காரர் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. அதாவது, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "தொடாதீங்க" என்று சொல்ல வேண்டும். தொடுவதற்கு யாரும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

மேலிடத்து ஆய்வாளர் வருகிறார் என்றதும் இயக்குநருக்குக் கை கால் ஓடவில்லை. துப்பாக்கி பழுப்பேறித் துருவோடு கிடப்பது நிர்வாகச் சீர்கேடு என்று கருதப்பட்டு, பளபளப்பாக்க உத்தரவானது. இவர் எங்கள் குழந்தையின் கிழிந்த பனியனை எடுத்துப்போய், எண்ணெய் தொட்டுத் தேய் தேயென்று தேய்த்தார். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல ஆகிவிட்டது.

ஆய்வாளர் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாராம். பழசைப் பழசாகவே விடுவதுதான் இப்போது நாகரிகமாம். அவர் போட்டிருந்த புதுக் கால்சட்டையே முழங்காலில் கிழித்து விற்றதுதான்.

"காலம் ஏத்தின அந்தப் பழுப்பு, அந்த அசல் பூச்சு எங்கே?" என்றார்.

இயக்குநர் என் வீட்டுக்காரரைக் கை காட்டினார்.

அசல் பூச்சு திரும்பி வராவிட்டால் இவரும் வேலைக்குத் திரும்பி வர வேண்டாம் என்று ஆணை. வேலை போனால் குழந்தையோடு என் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணியோ எங்கள் தலையைக் கண்டாலே அடுப்பை அணைக்கிறவள்.

இவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேய்ச்சது எங்கங்க போயிடும்? பனியன்லதான் இருக்கும்" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். மனுஷன் அதை அப்படியே அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டார்.

குழு கூடியது. அசல் பூச்சு அழியவில்லை, இடம்பெயர்ந்துள்ளது என்று ஒருமனதாகக் கண்டறிந்தது. பனியன் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியது. துப்பாக்கி, தொன்மை இழந்த பொருளாகக் கிடங்குக்குப் போய், அங்கே நிம்மதியாகத் துருப்பிடிக்கத் தொடங்கியது. இவருடைய முக்காலிக்கு முதுகுச் சாய்மானம் அனுமதிக்கப்பட்டது.

பார்க்கக் கூட்டம் அள்ளியது. அண்ணிகூட வரிசையில் நின்று பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து நெசவே தனி" என்றாள். கைப்பிடித் துணிக்குக்கூட ஆகாது, தூக்கிப் போடு என்று அந்தப் பனியனைச் சொன்னவளும் அவள்தான்.

பிறகு இயக்குநர் மாறினார். புதியவர் சுத்தக்காரர். பெட்டியைப் பார்த்து முகம் சுளித்து, "என்னப்பா இவ்வளவு அழுக்கு? துவைச்சுக் கொண்டா" என்றாராம்.

இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் கசக்கிப் பிழிந்தேன். பனியன் பளிச்சென்று ஆனது. வாளியைச் சாய்க்கப் போனபோது இவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கொட்டிடாத. ஆய்வாளர் வந்து கேட்டா? அசல் இப்ப இதுலதான் இருக்கு."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அண்ணியின் அடுப்பு ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது.

வாளி இப்போது கூடத்தில் இருக்கிறது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நேற்றுப் பக்கத்து வீட்டு அக்கா தண்ணீரில் விரலை விடப் போனாள்.

"தொடாதீங்க" என்றேன், முக்காலியில் உட்கார்ந்தபடியே.