முப்பது நாளும் ஒரு சரக்குச் சீட்டும்

இந்த வளைகுடா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மணமக்கள் பெயரைப் படிக்காமல் தேதியை மட்டும் படித்துவிட்டுத் திருப்பித் தருகிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் ஷார்ஜாவில் எங்கள் கட்டுமானக் கம்பெனி ஆபீசில் இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. எங்களுக்கு அவர் 'முப்பது நாள்'.

யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உருவம், சட்டைப் பையில் மூன்று பேனா, யாரைக் கூப்பிட்டாலும் 'ஐசே'. கம்பெனி ஆட்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் கார்டு வாங்கித் தருவது அவர் வேலை. அதில் ஒரு விதி இருந்தது. குடும்பத்தாரைச் சேர்ப்பதற்கு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான், பாலிசி புதுப்பிக்கிறபோது, கதவு திறக்கும். நடுவில் கல்யாணம் ஆனாலோ, குழந்தை பிறந்தாலோ, பெண்சாதி ஊரிலிருந்து வந்து சேர்ந்தாலோ, அந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் சொன்னால் ஜன்னல் வழியாக உள்ளே விடுவார்கள். முப்பத்தோராம் நாள் போய் நின்றால் ஜன்னலும் கிடையாது, அடுத்த வருஷம்தான்.

இந்த ஜன்னலுக்கு அவர் காவல்காரர். கடவுள் மனிதனைப் படைத்ததே முப்பது நாளுக்குள் ஃபாரம் நிரப்புவதற்காகத்தான் என்று உளமார நம்பினார்.

ராமநாதபுரத்து எலக்ட்ரீஷியன் ஒருவனுக்கு அஜ்மானில் கல்யாணம். மேடையில் வரிசையாகப் போய் எல்லோரும் கவரை நீட்டினோம். இவர் ஃபாரத்தை நீட்டினார்.

"மாப்பிள்ளை, இதில ஒரு கையெழுத்து வையும்."

"சார், இப்பத்தானே ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்!"

"அது பள்ளிவாசலுக்கு, ஐசே. இது ஆஸ்பத்திரிக்கு. ரெண்டும் வைச்சாத்தான் கலியாணம் முழுமை."

அந்தக் கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் மாப்பிள்ளை கையில் பேனாவோடுதான் இருக்கிறான். பக்கத்தில் மணப்பெண், "இவர் யார், உங்க சித்தப்பாவா?" என்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாகர்கோவில் டிரைவர் சகாயத்துக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஒன்று நள்ளிரவுக்குச் சற்று முன், மற்றது சற்றுப் பின். மறுநாள் காலையில் அவன் ஆபீசுக்கு வந்து சொன்னதும் எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். 'முப்பது நாள்' மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் ஈரம்.

"அப்ப ரெண்டு திகதி! ஒரு வயித்தில ரெண்டு திகதி! என்ர சர்வீஸில இப்பிடி ஒண்டை நான் கண்டதில்லை, ஐசே!"

"சார், ஆணா பொண்ணான்னு கேக்கமாட்டீங்களா?" என்றான் சகாயம்.

"அது ஃபாரத்தில ஏழாவது கேள்வி. அதுக்குப் பேந்து வாறன்."

நல்ல செய்திக்குத்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் குரல் உடைந்து, மனைவி வேலை பார்த்த கிளினிக்கை மூடிவிட்டார்கள், அவளுக்கு வேலை போய்விட்டது என்றார். எல்லோரும் உச்சுக் கொட்டினோம். 'முப்பது நாள்' மட்டும் முகம் மலர்ந்து அவர் தோளைத் தட்டினார்.

"வேலை போனா அவவின்ர கார்டும் போகும். கார்டு போனா எங்கட கார்டில சேர்க்கலாம். நல்ல விசயம்! எத்தினையாம் திகதி போனது?"

அந்தக் கணக்கர் கையில் சாம்பார்க் கிண்ணம் இருந்தது. எங்களில் இரண்டு பேர் கையைப் பிடித்திருக்காவிட்டால் அது எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுவாரமே அந்த அம்மாவுக்குக் கார்டு வந்தது.

சொல்லாதவர்களையும் அவர் விடமாட்டார். மோப்பம் பிடிப்பார். சாப்பாட்டு டப்பா ஒன்றிலிருந்து மூன்று அடுக்காக மாறினால், "உமக்கு ஆர் வந்திருக்கினம்?" என்பார். ஒருவன் போனில் 'ம்' என்று மட்டும் சொல்லத் தொடங்கினால் நிச்சயதார்த்தம் என்று குறித்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் இருக்கிற ஆபீசில்தான் நான் என் கல்யாணத்தை மறைத்தேன்.

நான் அங்கே ஸ்டோர்கீப்பர். தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை ஊர். நாற்பத்து நான்கு வயது வரை கல்யாணம் ஆகவில்லை. கம்பெனியில் புதிதாக வருகிறவனுக்கு டாய்லெட் எங்கே இருக்கிறது என்று காட்டிய கையோடு, "இவருதான் நம்ம நித்திய பேச்சிலர்" என்று என்னையும் காட்டுவார்கள். அப்படிப்பட்டவன் லீவில் போய்த் தாலி கட்டிவிட்டு வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்கள் தங்கும் கேம்ப்பைச் சுற்றி வருவார்கள். ஸ்பீக்கர் வைப்பார்கள். பேசச் சொல்வார்கள். அதற்குப் பயந்துகொண்டு, தங்கை வீட்டுக்குக் கான்கிரீட் போடப் போனேன் என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி ஜெபா ஓமானில், சோஹாரில், நர்ஸாக இருந்தாள். கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை ஷார்ஜா வந்து சேர்ந்தாள். அவளுடைய விசாவுக்கு இன்சூரன்ஸ் வேண்டும். ஆபீசில் கேட்க வெட்கப்பட்டு, விசாக் காகிதங்கள் அடித்துத் தரும் ஒரு டைப்பிங் சென்டரில் இருப்பதிலேயே மலிவான கார்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். பெரிய காரியத்தைச் சத்தமில்லாமல் முடித்துவிட்ட திருப்தி எனக்கு.

இரண்டு வாரம் கழித்து 'முப்பது நாள்' ஸ்டோருக்கு வந்தார். ஒரு பெட்டி ஸ்டேப்ளர் பின் கேட்டார். கொடுத்தேன். போகவில்லை. என் சட்டையையே பார்த்தார்.

"ஐசே, நீலச் சட்டைக்கு நீல நூல்."

"என்ன சார்?"

"இவ்வளவு காலமும் உம்மட பொத்தான் எல்லாம் வெள்ளை நூல். இது நீலம். ஆர் தைச்சது?"

"கடையில சார்."

"கடைக்காரன் நாலு ஓட்டைக்கும் குறுக்கத் தைச்சு, கீழ முடிச்சும் போடான். உது வீட்டுத் தையல். திகதியைச் சொல்லும்."

"சார், நானேதான் தைச்சேன்."

அவர் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். அவர் எண்ணத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது. எங்கிருந்து எண்ணுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஜெபா வந்த இருபத்து நான்காம் நாள், திங்கட்கிழமை சாயங்காலம், அவளுக்குத் தலைசுற்றல் என்று கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் சிரித்தார். மூன்று மாதம் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வயது முப்பத்தொன்பது, பிரஷர் வேறு கூடுதலாக இருக்கிறது, ஒரு மாதமும் செக்கப் தவறக்கூடாது, பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் இப்போதே பதிய வேண்டும் என்றார். வெளியே வந்து கார்டை நீட்டினேன். ரிசப்ஷனில் இருந்த மலையாளிப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஈ கார்டில் டெலிவரி இல்லா, சேட்டா. பிரஷரும் இல்லா."

"பின்ன என்ன இருக்கு?"

"பனிக்கு மருந்து உண்டு." காய்ச்சலைத்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

கம்பெனிக் கார்டில் எல்லாம் உண்டு. ஆனால் கம்பெனி பாலிசியைப் புதுப்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த கதவு பதினொரு மாதம் கழித்துத் திறக்கும். குழந்தை அதுவரை உள்ளே காத்திருக்கும் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெபா கேட்டாள். "ஏங்க, என்னயக் கட்டுனீங்களா, கடத்திட்டு வந்தீங்களா? ஆபீசுல சொல்ல என்ன வெக்கம்?"

"நாளைக்குச் சொல்லிருதேன்."

"சொல்லலன்னா நானே வருவேன். வந்து உங்க ஆபீசு நடுவுல நின்னு, 'நான்தான் அவரு பொண்டாட்டி'ன்னு சொல்லுவேன். வார்டுல கத்திப் பழகுன தொண்டை, பாத்துக்கிடுங்க."

செவ்வாய்க்கிழமை போனேன். அந்த ஹாலில் பதினான்கு மேஜைகள். 'முப்பது நாள்' மேஜை நட்டநடுவில். இரண்டு தடவை அருகில் போய், இரண்டு தடவையும் "ஸ்டேப்ளர் பின் போதுமா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். புதன்கிழமை காலையில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். ஸ்டோருக்குச் சாமான் வந்தால் ஒரு சீட்டு எழுதுவோம். பதினோரு வருஷமாக என் கை அறிந்த எழுத்து அது ஒன்றுதான். ஒன்றைக் கிழித்து எழுதினேன்.

பொருள்: மனைவி. எண்ணிக்கை: ஒன்று. வந்த இடம்: சோஹார். பெற்றுக்கொண்ட தேதி: அந்தச் சனிக்கிழமை. நிலைமை: நல்ல நிலையில். குறிப்பு: உள்ளே இன்னும் ஒன்று இருப்பது திங்கட்கிழமை தெரியவந்தது.

நான்காக மடித்து அவர் மேஜையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் ஸ்டோர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சீட்டைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்திருந்தார்.

"நல்ல வடிவான சீட்டு. எல்லாம் இருக்கு. சனி எண்டால்…" விரல்கள் ஓடின. "முப்பதாம் நாள் ஞாயிறு. ஞாயிறு இன்சூரன்ஸ் கம்பெனி பூட்டு. சனியும் பூட்டு. வெள்ளி அரை நாள். அப்ப உமக்கு முப்பதாம் நாள், நாளை மறுநாள் பன்னிரண்டு மணி!"

"சார், முடியுமா?"

"மனேஜர் கையெழுத்து வேணும். அந்த மனுசன் ஃபுஜைரா சைட்டில. கலியாணச் சர்டிபிகேட் கொப்பி, பாஸ்போட் கொப்பி, டாக்குத்தர் எழுதித் தந்த துண்டு எல்லாம் பின்னேரத்துக்குள்ள தாரும்." குரலைத் தணித்தார். "ஒருத்தருக்கும் சொல்லேல்லத்தானே நீர்? நானும் சொல்லன்."

மறுநாள் விடியற்காலை சைட் பஸ்ஸில் அவர் ஃபுஜைரா போனார். மலை வளைவில் வாந்தி எடுப்பவர் என்பது ஊரறிந்த விஷயம். அதுவரை அவர் சைட்டுக்கே போனதில்லை. பஸ்ஸில் கூடப் போன சகாயம் சாயங்காலம் என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டான்.

"ஏண்ணே, யாருக்குண்ணே கல்யாணம்? அந்த மனுசன் ஃபைலைச் சட்டைக்குள்ள போட்டுப் பட்டனையும் மாட்டிக்கிட்டு வந்தாரு. வாந்தி எடுக்கும்போதுகூட ஒரு கை நெஞ்சிலதான் இருந்துச்சு. பெரிய எடத்துச் சமாச்சாரம்போல."

"இருக்கும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார். கம்ப்யூட்டரில் என் பெயருக்குக் கீழே ஒரு கோடு காலியாக இருந்தது. எல்லாக் காகிதமும் போய்விட்டது, ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் வந்து, ஊழியரே தன் வாயால் உறுதி சொல்ல வேண்டும் என்கிறாள். போன் மேஜைமேல் ஸ்பீக்கரில் இருந்தது. அதன் ரிசீவர் போன ரமலானிலேயே உடைந்துவிட்டது.

"சார், உங்களுக்கும் அந்தப் பெண்மணிக்கும் என்ன உறவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டது போன்.

பதிமூன்று மேஜைகளில் பதிமூன்று கீபோர்டுகளும் நின்றன. நான் சுவரைப் பார்த்தேன். கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. "ஹலோ? ஹலோ?" என்றது போன்.

'முப்பது நாள்' என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் இருக்கிறீங்கள்தானே? நல்லது! பழைய பாஸ்போட் கொப்பி, போட்டோ, விசா கொப்பி இன்னும் தராத ஆக்களின்ர பேரை இப்ப வாசிக்கிறன். பேர் வந்தவை உடன இஞ்ச வந்து ஃபாரம் நிரப்பவேணும். புது ஃபாரம். ஒன்பது பக்கம்!"

முதல் பெயரை வாசிப்பதற்குள் ஹால் காலி. கணக்கர் காலணியைக்கூட மாட்டாமல் டீ குடிக்கப் போனார். 'முப்பது நாள்' தானும் வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தி, உள்ளே யாரும் வராமல் முதுகை அதில் சாய்த்து நின்றார்.

"மை ஒய்ஃப்" என்றேன். இன்னொரு தரம் சொன்னால் என்ன என்று தோன்றியது. "ஷீ ஈஸ் மை ஒய்ஃப்." அந்தப் பெண் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தாள். பதினொன்று ஐம்பத்தாறுக்குத் திரையில் அந்தக் காலிக் கோட்டில் ஜெபாவின் பெயர் ஏறியது.

கதவைத் திறந்தேன். "முடிஞ்சுதே?" என்றார். முடிந்தது என்றேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது வேண்டியிருந்ததாகத் தெரியவில்லை. "பிள்ளை பிறந்தா அதுக்கு வேற முப்பது நாள். இப்பவே சொல்லிப்போட்டன்" என்று சொல்லிவிட்டு, ஒன்பது பக்க ஃபாரத்துக்கு ஆள் பிடிக்கக் கிளம்பினார்.

அவர் இப்போது மஸ்கட்டில் வேறு கம்பெனியில் இருக்கிறார். அங்கே யாரெல்லாம் நிம்மதியாகக் கல்யாணம் செய்துகொள்ள முடியாமல் தவிக்கிறார்களோ!

அவர் மஸ்கட் போவதற்கு முந்தைய மாதம்தான் ஜெபாவைப் பிரசவத்துக்குச் சேர்த்தேன். பிரஷர் ஏறியிருந்ததால் அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். கார்டைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு நர்ஸ் மட்டும் ஃபாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, உங்களைத் தவிர இந்த ஊரில் அழைக்க வேண்டிய உறவினர் யார் என்று எழுதச் சொன்னாள். அவருடைய நிஜப் பெயரை எழுதினேன். போன் நம்பரையும் எழுதினேன். கடைசியில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே, அண்ணன் என்று நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.