நான்கு பேராக நான் வாசித்த கலியாணப் பூசை

ஒரு கசற் உறையின் பின்பக்கத்தை வாசித்துக் கெட்டுப்போனவள் நான். காதல் கடிதம் வாசித்துக் கெட்டுப்போனவர்கள் பேசாலையில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காவது ஊரில் ஒரு மரியாதை உண்டு.

அந்தக் கசற் கனடாவிலிருந்து அன்ரன் அண்ணா அனுப்பியது. 'புரோகிரசிவ் றொக்' என்று ஒரு வகை இசை. ஒரு பாட்டு கசற்றின் ஒரு பக்கம் முழுவதும் ஓடும். வீட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. அப்பா கடலுக்குப் போகாத நாட்களில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதிப்பார்; டைனமோவின் வயர் ரேப் ரெக்கோடருக்குப் போகும். தாளம் ஏழாகப் போகும், ஐந்தாக மாறும், பிறகு எண்ணவே முடியாது. முதல் தடவை கேட்டபோது, "ஒழுங்கா மிதியுங்கோ அப்பா!" என்று கத்தினேன். அப்பா பாவம், ஒழுங்காகத்தான் மிதித்துக்கொண்டிருந்தார்.

அரை மணித்தியாலம் மிதித்தபின் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, பாட்டு எப்ப துவங்கும்?"

கையிலிருந்த உறையின் பின்பக்கத்தை அப்போதுதான் வாசித்தேன். கிற்றார், ஓர்கன், பியானோ, புல்லாங்குழல், மணிகள் என்று பன்னிரண்டு வாத்தியங்கள். எல்லாவற்றுக்கும் நேரே ஒரே ஒரு மனிதனின் பெயர். பக்கத்தில் படம்: நீண்ட தலைமயிருடன் ஒருவர் நடுவில் இருக்கிறார், சுற்றிவர வாத்தியங்கள், எல்லாம் கை எட்டும் தூரத்தில். கடிதத்தில் அன்ரன் அண்ணா வேறு எழுதியிருந்தார். அந்த வகை இசைக்காரர்கள் சகலகலா வல்லவர்களாம். கையால் கிற்றார் வாசித்துக்கொண்டே காலால் கட்டைகளை மிதித்து அடிச்சுரம் எழுப்புகிறவர்கள்கூட இருக்கிறார்களாம்.

பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் ஒருத்தர் வாசிக்கிறார். நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். (உயர்தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவள் என்பதை வெட்கத்துடன் சொல்லிவைக்கிறேன்.) அவர் பன்னிரண்டு வாசித்தால் நான் நான்கு வாசிக்கமாட்டேனா?

ஏன் நான்கு என்று சொல்ல வேண்டும். எங்கள் கோயில் பாடகர் குழுவில் நாலு வாத்தியக்காரர் இருந்தார்கள். ஆர்மோனியம் இராயப்பு அண்ணை, கிற்றார் அன்ரன் அண்ணா, மவுத்தோர்கன் கிறிஸ்ரி, டோலக் தொமினிக். ஐந்தாவது நான், கைத்தாளம். நாலு அடிக்கு ஒருதரம் 'கிண்' என்று தட்டவேண்டும். நித்திரையிலும் செய்யலாம். (செய்தும் இருக்கிறேன்.)

சண்டை வந்தது. இராயப்பு அண்ணை குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்தார். அன்ரன் அண்ணா கனடா. கிறிஸ்ரி கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தான். தொமினிக்கும் ஒருநாள் படகேறினான். மூன்று கிழமைக்குப் பிறகு இராயப்பு அண்ணையிடமிருந்து வந்த கடிதத்தில் எல்லாரையும் சுகம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில் எழுதியிருந்தார்: "தொமினிக் வாறான் எண்டு கேள்விப்பட்டம். எப்ப அங்கயிருந்து வெளிக்கிடுகிறான்?"

நாலு வாத்தியங்களும் கோயில் அலுமாரிக்குள் கிடந்தன.

தொமினிக்கின் தங்கை ஸ்ரெல்லா என் சிநேகிதி. அவன் போய் இரண்டு வருடமாகியும் கடிதமில்லை. வங்காலை ஊர்ப் பொடியன் ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். கலியாணப் பூசைக்கு என்ன பாட்டு என்று கேட்க நான் போனபோது, அவள் சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு வேண்டாமடி ரெஜி. சும்மா பூசை காணும்."

"விசரோ உனக்கு? கலியாணமடி!"

"என்ர டோலக் இல்லாமல் நீ கோயில் வாசல் தாண்டமாட்டாய் எண்டு அண்ணா சொன்னவன். இப்ப நான் அது இல்லாமல்தானே தாண்டப்போறன். பிறகு என்ன பாட்டு?"

அடுப்படியிலிருந்து அவளுடைய அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அந்த இடத்தில் புத்தியுள்ள ஒருத்தி வாயை மூடிக்கொண்டு அவளோடு சேர்ந்து ஓரம் தைத்திருப்பாள். நான் எழும்பி நின்றேன். "டோலக் இருக்கும். ஆர்மோனியமும் இருக்கும். நாலும் இருக்கும். ஒருத்தரும் போகாத மாதிரி இருக்கும். நான் பொறுப்பு" என்றேன்.

ஸ்ரெல்லா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவன்ர அடி மாதிரியே இருக்குமோ?"

"அச்சொட்டா."

தொமினிக்குக்கு ஒரு பழக்கம். எந்தப் பாட்டாக இருந்தாலும் முதலில் அவன் கைதான் பேசும். 'டும், டுடும்.' அதன்பிறகுதான் மற்றவர்கள் வாயே திறப்பார்கள். பேசாலையில் குழந்தைக்கும் தெரிந்த அடி அது.

வேலை தொடங்கியது. ஆர்மோனியத்தை மேசையில் வைத்து, துருத்தியைத் தங்கூசியால் என் இடது கணுக்காலுடன் கட்டினோம். (மீன் பிடிக்கிற நைலோன் நூலைத்தான் நாங்கள் தங்கூசி என்போம்.) டோலக்கை வாங்குப் பலகையில் சாய்த்து, ஒரு தடியின் நுனியில் வலை மிதவையைப் பூட்டி, அதிலிருந்து ஒரு தங்கூசி வலது கணுக்காலுக்கு. கிற்றார் மேசையில் மல்லாக்கப் படுத்திருந்தது. அதற்கு இடது கை. ஆர்மோனியக் கட்டைகளுக்கு வலது கை. மவுத்தோர்கன் கம்பியில் கோத்து என் கழுத்தில். முடிச்சுகளை அப்பாதான் போட்டார். அவருக்கு என்மேல் அன்பு அதிகம். அந்த அன்பை முடிச்சில் காட்டினார்.

"சுறா இழுத்தாலும் இது அவிழாது பிள்ளை. இழுக்க இழுக்க இறுகும்."

"அந்தக் கசற்காரன்ர பாட்டையும் இவளின்ர பாட்டையும் பார்த்தால் சுறாவே பரவாயில்லை" என்றாள் அக்கா.

ஒரு கிழமை பழகினேன். கேட்கக்கூடியதாக வந்தது. பக்கத்து வீட்டு நாய்கூட மூன்றாம் நாள் ஊளையிடுவதை விட்டுவிட்டது. எல்லாம் பூட்டி முடிந்தபின்தான் ஒன்றைக் கவனித்தேன். இரண்டு கை, இரண்டு கால், வாய் எல்லாம் போய்விட்டன. என் கைத்தாளத்துக்கு உடம்பில் இடமில்லை. 'அது கிடக்கட்டும், ஒரு கிண் தானே' என்று அதைப் பாட்டுப் புத்தகத்தின்மேல் பாரமாக வைத்தேன்.

கலியாண நாள் காலை. பாடகர் மூலையில், முதன்முதலாகக் கட்டிய சீலைக்குள் தங்கூசிகள் மறைந்திருக்க, கதிரையில் அமர்ந்திருந்தேன். ஸ்ரெல்லா வாசலுக்கு வந்தாள். நான் வலது குதிகாலை அழுத்தினேன். 'டும்... டு... டும்.' கொஞ்சம் நொண்டியது. அவள் வாசலில் ஒரு கணம் நின்று, பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தாள். வருகைப் பாட்டு ஏழு தாளத்தில் தொடங்கி ஐந்தில் முடிந்தது. அந்தப் பன்னிரண்டு வாத்திய மனிதர் கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். ஊர்ச்சனம் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பாதர் நற்செய்தி வாசிக்க வந்தார். எல்லாரும் எழும்பினார்கள்.

ஒரு கிழமையாக நான் கதிரையில் இருந்துதான் பழகினேன். பிறந்த நாளிலிருந்து பூசைக்குப் போகிறவள். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது, எப்போது முழந்தாளிடுவது என்று என் எலும்புக்குக்கூடத் தெரியும். அந்த எலும்புகளை இரண்டு வாத்தியங்களோடு கட்டிவைத்திருக்கிறேன் என்பதுதான் மூளைக்குத் தெரியவில்லை.

எழும்பினேன். 'டும்.' விழாமல் இருக்க ஆர்மோனியத்தைப் பிடித்தேன். அது கன்று தொலைத்த மாடு மாதிரி நீளமாக ஒன்று விட்டது. பாதர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

திரும்பக் கதிரையில் இருந்தபோது இன்னொரு 'டும்.'

பிரசங்க நேரத்தில் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். இழுக்க இழுக்க இறுகியது. பயத்தில் மூச்சு வாங்கியது. வாய்க்கு நேரே மவுத்தோர்கன். ஒவ்வொரு பெருமூச்சும் ஒரு சுரமாகப் போனது. பக்கத்தில் இருந்த சிஸ்ரர், "பிள்ளை, மூச்சு விடாதை" என்று காதுக்குள் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான ஆலோசனை.

பூசையின் மிகப் புனிதமான நேரமான எழுந்தேற்றம் வந்தது. முழந்தாளிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை, ஆடாமல் அசையாமல் இருப்பது. மணி அடித்தது. கோயில் முழுவதும் சரசரவென்று முழந்தாளில் இறங்கியது. பிறகு சத்தமே இல்லை. கூரையில் புறா நடப்பது கேட்டது. பாதர் அப்பத்தை உயர்த்தினார். என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே மடிந்தன.

மிதவைத் தடி எழும்பி, விழுந்து, துள்ளியது.

'டும், டுடும்.'

ஒரு கிழமை நான் தலைகீழாக நின்று பழகியும் வராத அடி. நொண்டல் இல்லை, பிசகில்லை. அச்சொட்டாக அவன்தான்.

பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்த ஸ்ரெல்லா திரும்பினாள். எழுந்தேற்ற நேரத்தில் யாரும் திரும்புவதில்லை. மணப்பெண் திரும்பவே மாட்டாள். அவள் உடம்போடு திரும்பினாள். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது? இரண்டு வருடமாக நாங்கள் பார்க்காத முகம் அது. வாய் அரைவாசி திறந்திருந்தது. 'அண்ணா' என்பதில் 'அண்' வரை வந்துவிட்டது. முன்வாங்கில் அவளுடைய அம்மா எழும்பியே விட்டார்.

அவர்கள் பார்த்த இடத்தில், டோலக்குக்குப் பின்னால், கழுத்தில் கம்பியோடு நான் இருந்தேன்.

முகம் அணைவதை ஒரு முழத் தூரத்தில் பார்த்த மாதிரி இருந்தது. எங்கேயாவது ஒளியவேண்டும் போலிருந்தது. மேசைக்குக் கீழே போகக் காலை இழுத்தேன். ஆர்மோனியம் கூடவே வந்தது. கிற்றார் அதற்கு முன்பே குதித்துவிட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதமாட்டேன். ஊரில் யாரைக் கேட்டாலும் நடித்தே காட்டுவார்கள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா நாலு காலில் தவழ்ந்து வந்தார், வாயில் மீன் வெட்டுகிற சின்னக் கத்தியோடு. "அசையாதை" என்று தங்கூசியை அறுத்தார். அறுக்கும்போதும், "நல்ல முடிச்சு" என்று முணுமுணுத்தார்.

அப்பம் பெற்று நன்மை வாங்கும் நேரத்தில் பாட்டில்லை. யாரோ ஒரு மனிசி வெறும் குரலில் தொடங்க, கோயில் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டது. என் கைத்தாளம் எங்கேயோ உருண்டு போயிருந்தது.

கலியாண வீட்டில் நான் பின்பக்கத்துக் கிணற்றடியில் இருந்தேன். ஸ்ரெல்லா கூறைச்சீலையோடு தேடிக்கொண்டு வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தாள்.

"ஒருக்கா நான் நம்பிப்போட்டனடி."

"ஓம். கண்டனான்."

பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாலு பேரும் வந்தவை ரெஜி. நீதான் வரேல்லை. என்ர கலியாணத்துக்கு உன்ர கிண்கூட இல்லையடி."

இது நடந்து ஒன்றரை வருடம். வீட்டில் எனக்கு இப்போது 'நாலு பேர்' என்றுதான் பெயர். சோறு போடும்போது அக்கா, "நாலு பேருக்கும் போடவோ, ஒராளுக்கோ?" என்பாள். பூசைக்கு வெளிக்கிடும்போது அப்பா என் கணுக்காலைப் பார்ப்பார்.

நடந்ததையெல்லாம் அன்ரன் அண்ணாவுக்கு எழுதினேன். பதில் மூன்று மாதம் கழித்து வந்தது. "விசரி! அந்த மனிசன் எல்லாத்தையும் ஒரே நேரத்தில வாசிக்கிறதில்லை. ஒண்டை வாசிச்சுப் பதிவு செய்வார். அதைக் கேட்டுக்கொண்டு அடுத்ததை வாசிப்பார். பிறகு அடுத்தது. மாசக்கணக்காகும்."

அதை நான் சத்தமாக வாசித்தபோது அப்பா வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரே நேரத்தில் இருக்கத் தேவையில்லை என்றால், ஒரே இடத்தில் மட்டும் ஏன் இருக்கவேண்டும்?

ஸ்ரெல்லாவுக்கு வருகிற மாதம் பிள்ளை கிடைக்கும். ஞானஸ்நானத்துக்கு ஒரு பாட்டு. முதல் கசற், கிறிஸ்ரியின் மவுத்தோர்கனோடு, இங்கிருந்து கொழும்புக்குப் போகும். கிறிஸ்ரி அதை ஒரு ரேப் ரெக்கோடரில் போட்டு, சேர்ந்து மவுத்தோர்கன் வாசித்து, இன்னொன்றில் பதிவு செய்வான். அந்தக் கசற் மண்டபம் முகாமுக்கு, இராயப்பு அண்ணையிடம். அங்கிருந்து கனடாவுக்கு, அன்ரன் அண்ணாவிடம். கடைசியில் ஸ்ரெல்லா இருக்கும் வங்காலைக்கு. ஞானஸ்நானத்துக்குப் பிந்தி வந்தாலும் பரவாயில்லையாம். பிள்ளை எங்கும் போகாது என்கிறாள் ஸ்ரெல்லா.

டோலக்கை நான் வாசிக்கட்டுமா என்று மட்டும் அவளிடம் கேட்டேன். இப்போது எனக்குக் கையாலேயே நன்றாக வரும்.

"வேண்டாம். அவன்ர இடத்தை விடு."

நாளைக்குப் பின்னேரம் பதிவு. அப்பா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுவிட்டார். இருமமாட்டேன் என்று மாதாவின்மேல் சத்தியமும் செய்திருக்கிறார். அக்கா பாடுவாள். நான் என் கைத்தாளத்தோடு மட்டும் இருப்பேன், கால்கள் இரண்டும் சும்மா. பொத்தானை அமத்தியதும் தொடங்கமாட்டோம். 'டும், டுடும்' போகிற நேரத்துக்கு நாடா வெறுமையாக ஓடும்.

அதற்குப் பிறகு நான் தட்டுவேன்.