ஒன்பதாம் ஓலை

இயக்கநாட்டில் ஆளுக்கொரு வேலை உண்டு. இடையில் யாருக்காவது ஏதும் சொல்ல வேண்டுமானால் கோட்டையிலிருந்து எண்ணிட்ட ஓலை வரும். வந்ததும் கைவேலையை நிறுத்தி, அந்த எண்ணுக்கு என்ன செய்வதாகத் தான் முன்பே முடிவுசெய்திருந்தாரோ அதைச் செய்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பதினைந்தாம் ஓலை வந்தால் வேலையை விட்டே போக வேண்டும். ஆனாலும் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்துவிட்டுப் போக அவகாசம் உண்டு. ஒன்பதாம் ஓலைக்கு மட்டும் மறுமொழி கிடையாது. அது உரியவரைத் தொட்ட கணமே ஆள் இருக்கமாட்டார்.

தேர்தலில் வென்ற அமைச்சர் வில்லவராயர் முதல் நாளே ஓலை கொண்டுசெல்லும் தூதர்களை அழைத்தார்.

"போகச் சொன்னால் முக்கால் நாழிகை எடுத்துக்கொள்கிறார்கள். நாட்டின் வேகம் என்னாவது? இனி எல்லோருக்கும் நேரடியாக ஒன்பது."

தூதர்கள் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவனான கொற்றனும் தட்டினான்.

முதல் வாரம், பாதிப் பிரசவத்தில் மருத்துவச்சி மறைந்தாள். அமைச்சர் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, 'பாதி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கினார்.

அடுத்து ஆள்குறைப்புப் பட்டியலில் மதகுக்காரி எழிலியின் பெயர் வந்தது. கொற்றன் போனபோது அவள் ஏரி மதகை நான்கடி தூக்கி வைத்திருந்தாள்.

"வாங்கண்ணே. பதினஞ்சுதானே? கொஞ்சம் பொறுங்க, மதகை இறக்கிட்டு வந்துடறேன். கீழே தாழையூர் இருக்கு."

சட்டம் மாறியது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கொற்றன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஓலையால் அவள் தோளைத் தொட்டான்.

மதகுச் சக்கரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தூதர் ஓலையைத் தவிர எதையும் கையாளக் கூடாது என்பது விதி. கொற்றன் விதிப்படி திரும்பி நடந்தான்.

தாழையூரில் முப்பத்தொரு பேரை வெள்ளம் கொண்டுபோனது. விசாரணையை அமைச்சரே நடத்தினார்.

"ஓலை சேர்ந்ததா?"

"சேர்ந்தது, ஐயா."

"அவள் ஏதாவது சொன்னாளா?"

பட்டியலில் அடுத்த பெயர் யாருடையது என்று கொற்றனுக்குத் தெரியாது.

"இல்லை, ஐயா."

"ஆக, மதகை இறக்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்: மதகுக்காரியின் அலட்சியம்."

கொற்றன் கீழே முத்திரை வைத்தான்.

அறிக்கை வெளியான அன்றே, தாழையூரில் மிஞ்சியவர்கள் எழிலியின் வீட்டுக்குத் திரண்டு போனார்கள். அவள் கணவன் வாசலில் நின்று கத்தினான்.

"மதகை இறக்காம அவ சாப்பிடக்கூட வரமாட்டா! அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க இங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

கூட்டத்தின் பின்வரிசையில், தூதர் உடையைக் கழற்றிவிட்டுக் கொற்றன் நின்றிருந்தான். பக்கத்திலிருந்தவர் அவனிடம் ஒரு கல்லை நீட்டினார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாங்கிக்கொண்டான்.